தேவ சித்தப்படி ஜெபிப்பது என்றால் என்ன?

கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டு அழைப்பிதழ்களில் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்ற சொற்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். மண்டபம் பதிவு செய்தாயிற்று, சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று. ஆனாலும் நாளைய தினம் நம் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. வியாபாரத்தையும் லாபத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடுகிறவர்களுக்கு யாக்கோபு நிருபம் 4ஆம் அதிகாரம் கற்றுத்தரும் பணிவு இது.

இதே பணிவைத்தான் ஜெபத்திலும் கிறிஸ்தவம் எதிர்பார்க்கிறது. சீர்திருத்த சபையினர் 'தேவ சித்தம்' என்றும், கத்தோலிக்கர் 'இறைவனின் திருவுளம்' என்றும் சொல்வார்கள். சொல் வேறானாலும் பொருள் ஒன்றுதான்.

கேட்பது தவறா?

தவறில்லை. இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபம் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. கடவுளின் பெயர், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் ஆகிய மூன்றும் அதில் முதலில் வருகின்றன. அடுத்ததாக அன்றாட உணவுக்கான விண்ணப்பம் வருகிறது. வயிற்றுப்பாட்டைக் கடவுளிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் ஜெபம் அங்கிருந்து தொடங்குவதில்லை.

கெத்செமனே தோட்டம்

தேவ சித்தப்படி ஜெபிப்பதற்கு முதல் உதாரணம் இயேசுவே. சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு, எருசலேமுக்கு எதிரே ஒலிவ மலையின் பக்கம் இருந்த கெத்செமனே தோட்டத்தில் அவர் ஜெபித்தார். அந்தப் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். வரப்போகும் துன்பம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று அவர் மனம் திறந்து கேட்டார். அதே மூச்சில், தம் விருப்பப்படி அல்ல, தந்தையின் விருப்பப்படியே ஆகட்டும் என்றும் சொன்னார். இப்படி மூன்று முறை ஜெபித்தார். துன்பம் நீங்கவில்லை. ஆனால் அதை எதிர்கொள்ளும் உறுதியோடு எழுந்து நடந்தார்.

ஆசையை மறைத்துவிட்டு, 'எது நடந்தாலும் சரி' என்று ஒப்புக்குச் சொல்வது தேவ சித்தப்படியான ஜெபம் ஆகாது. வேண்டியதை உள்ளபடியே கேட்பது முதல் படி. முடிவை அவரிடம் விட்டுவிடுவது இரண்டாவது படி.

கிடைத்தவரும் கிடைக்காதவரும்

யூதாவின் அரசன் எசேக்கியா மரணப் படுக்கையில் இருந்தபோது அழுது ஜெபித்தான். அவன் ஆயுளோடு 15 ஆண்டுகள் கூட்டப்பட்டதாக 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்போஸ்தலன் பவுலோ, தம் உடலில் முள்ளாகக் குத்திய ஒரு துன்பம் நீங்க மூன்று முறை வேண்டினார். அது நீங்கவில்லை, தாங்கும் கிருபை தரப்படும் என்ற பதிலே கிடைத்தது. இதை அவரே 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். கேட்டது கிடைக்காததால் பவுலை விசுவாசம் குறைந்தவர் என்று எந்த சபையும் சொல்வதில்லை.

இதை நாம் மறந்துவிடக் கூடாது. நோயாளியைப் பார்க்கப் போகும் சிலர், 'விசுவாசம் இருந்தால் குணமாகியிருக்குமே' என்று சொல்லிவிடுகிறார்கள். ஏற்கெனவே நொந்திருப்பவர் அதைக் கேட்டு இன்னும் ஒடிந்துபோகிறார். கெத்செமனேயையும் பவுலையும் அறிந்தவர் அப்படிப் பேசமாட்டார்.

ஜெபிக்கிறோம் என்பதற்காக மருந்தை நிறுத்துவதற்கும் வேதத்தில் இடமில்லை. எசேக்கியாவுக்குக் குணம் அறிவித்த ஏசாயாவே, அவன் புண்ணுக்கு அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார். பவுலின் உடன் ஊழியரான லூக்கா ஒரு வைத்தியர்.

சித்தத்தை எப்படி அறிவது?

சில காரியங்களில் தேட வேண்டியதே இல்லை. மன்னிப்பது, உண்மை பேசுவது, ஏழைக்கு நியாயம் செய்வது ஆகியவை கடவுளின் விருப்பம் என்று வேதம் வெளிப்படையாகவே சொல்கிறது. கோபித்துக்கொண்ட அண்ணனிடம் பேசலாமா என்று மாதக்கணக்கில் ஜெபித்துக்கொண்டிருக்க வேண்டாம், போய்ப் பேசலாம்.

ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதா, சம்பளம் குறைந்தாலும் பிள்ளைகளோடு இருப்பதா என்பது போன்ற கேள்விகள் வேறு வகை. இரண்டும் பாவமல்ல. இவற்றுக்கு யாக்கோபு 1ஆம் அதிகாரம் சொல்வது ஞானத்தைக் கேட்கும்படி. கேட்டுவிட்டு, வீட்டாரோடும் போதகரோடும் கலந்து பேசி, பொறுப்போடு முடிவெடுக்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று நம்மையே சோதிப்பதும் அவசியம். சொந்த இச்சைக்காகவே கேட்பது கிடைப்பதில்லை என்று அதே நிருபத்தின் 4ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

அந்தத் தோட்டத்து இரவில் இயேசு தம் மூன்று சீடர்களிடம் கேட்டுக்கொண்டது, தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதே. அவர்களோ தூங்கிவிட்டார்கள். துன்பத்தில் இருப்பவருக்காக ஜெபிக்கப் போகும் நாம் விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம். சற்று நேரம் அவரோடு விழித்திருந்தால் போதும்.