பின்வரிசையிலிருந்து மேடைக்கு: டிராம்போன் கலைஞர் ஹோல்ஸ்டும் தென்திருவிதாங்கூர் எல்லையின் பாடகர் குழுக்களும்

இசைநடத்துநர், அதாவது பல கருவிக் கலைஞர்களின் வேகத்தையும் ஒலியளவையும் நுழைவையும் கையசைவால் ஒழுங்குபடுத்துபவர், எந்தப் பெருநகர இசைக்குழுவை எத்தனை ஆண்டு நடத்தினார் என்பதைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறார். இந்த அளவுகோலை ஆங்கிலேய இசையமைப்பாளர் கஸ்டாவ் ஹோல்ஸ்டுக்குப் (1874–1934) பொருத்தினால் அவர் இசைநடத்துநர் வரிசையிலேயே இடம்பெறமாட்டார். ஆனால், முழுத் தேர்ச்சி பெறாதவர்களைக் கொண்டு தேர்ந்த இசையை உருவாக்குவதே அப்பணியின் கடினமான பகுதி என்று கொண்டால், அவரது வாழ்வு முதன்மைச் சான்றாக அமைவதோடு, தென்திருவிதாங்கூர் எல்லையிலுள்ள காஞ்சிரங்குளம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிறித்தவச் சபைகளின் பாடகர் குழுக்களையும் பேண்டுகளையும் ஆய்வுக்கு உரியவையாகக் காணும் வழியும் திறக்கிறது.

ஹோல்ஸ்டின் கருவி டிராம்போன். இப்பித்தளைக் கருவியில் புல்லாங்குழலைப் போல மூடித் திறக்கும் துளைகள் இல்லை; ஒன்றனுள் ஒன்று நழுவும் குழாயை ஏழு நிலைகளில் நீட்டியும் சுருக்கியும், உதட்டின் இறுக்கத்தை மாற்றியும் சுரங்களைப் பெற வேண்டும். நிலைகளுக்கு அடையாளக் கோடுகூடக் கிடையாது என்பதால் சுரத்தூய்மைக்குக் காதே பொறுப்பு. அதைவிடக் கருதத்தக்கது, இசைக்குழுவில் இக்கருவிக்குக் கிடைக்கும் நீண்ட மௌனம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலும் பிராம்ஸின் முதல் சிம்பொனியிலும் டிராம்போன்கள் இறுதிப் பகுதியில்தான் வாய் திறக்கின்றன. அதுவரை பின்வரிசையில் தாளம் எண்ணியபடி, வயலின்கள் எங்கே தடுமாறுகின்றன, மரக்குழல்கள் எங்கே மூழ்குகின்றன, நடத்துநரின் கை எங்கே தெளிவிழக்கிறது என்பதையெல்லாம் கேட்டும் கண்டும் அமர்ந்திருப்பதே அக்கலைஞரின் வேலை. நடத்துநர்கள் பெரும்பாலும் பியானோவிலிருந்தோ வயலினிலிருந்தோ வருகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் இசைக்குழுவை முழுமையாகக் கேட்கும் பயிற்சியைச் சம்பளத்தோடு தரும் இருக்கை டிராம்போனுடையதுதான்.

ஹோல்ஸ்ட் அந்த இருக்கைக்கு விரும்பி வந்தவர் அல்லர். பியானோக் கலைஞராகும் ஆசையைக் கைநரம்பு அழற்சி முறித்தது. ஆஸ்துமாவுக்கு நல்லது என்று கருதப்பட்டதால் டிராம்போன் கைக்கு வந்தது. 1893இல் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1898 முதல் கார்ல் ரோசா ஓப்பரா நிறுவனத்திலும் பின்னர் ஸ்காட்டிஷ் இசைக்குழுவிலும் வாசித்தார். வியன்னாக்காரர்கள் என்று காட்டிக்கொண்ட ஒரு கேளிக்கைக் குழுவிலும் வயிற்றுப்பாட்டுக்காக ஊதியதுண்டு. 1903இல் குழுவாழ்வை விட்டு ஆசிரியரானார். 1905 முதல் இறுதிவரை செயின்ட் பால் பெண்கள் பள்ளியிலும், 1907 முதல் 1924 வரை, பகலில் உழைப்பவர்கள் மாலையில் படிக்கவந்த மார்லி கல்லூரியிலும் அவர் இசை கற்பித்தார்.

அவரது நடத்துநர் பணி இங்கேதான் நிகழ்ந்தது. இரு நூற்றாண்டுகளாக வழக்கொழிந்திருந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்சலின் ‘தேவதை அரசி’ ஓப்பராவை 1911இல் மார்லி மாணவர்களைக் கொண்டு மீண்டும் ஒலிக்கச் செய்தார்; பெண்கள் பள்ளியின் நரம்புக்கருவிக் குழுவுக்காக ‘செயின்ட் பால் தொகுப்பு’ எழுதினார். அவருக்குப் புகழ் தேடித்தந்த ‘கோள்கள்’ 1918 செப்டம்பர் 29 அன்று ஏட்ரியன் போல்ட் நடத்த முதன்முதல் ஒலித்தபோது, இறுதியில் மறைவிலிருந்து பாடிய பெண்குரல்கள் அவருடைய மாணவியருடையவை. 1920களில் அதே படைப்பை லண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் இசைத்தட்டுக்காக இருமுறை அவரே நடத்தினார். எனினும் அந்தத் தட்டுகளைவிட மார்லி ஒத்திகைகளே அவரது நடத்துநர் ஆளுமையின் மையம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இந்திய வாசகர் ஹோல்ஸ்டை இருக்கு வேதப் பாடல்களாலும் 1916இல் அரங்கேறிய ‘சாவித்திரி’ ஓப்பராவாலும் அறிவார்; மொழிபெயர்ப்புகள் நிறைவளிக்காததால் அவர் சமஸ்கிருதமே கற்றார். ஆனால் அவற்றில் இந்திய இராகத்தைத் தேடுவது வீண்வேலை. இந்தியாவிலிருந்து அவர் பெற்றது கருப்பொருள். ஒலியமைப்பு, குழுவுக்குள் அமர்ந்து கற்றது.

தமிழர்களிடையே இத்தகைய நடத்துநருக்கு நெருங்கிய சான்று பினாங்கில் 1914இல் பிறந்து சிங்கப்பூரில் ஆசிரியராகப் பணிசெய்த பால் அபிஷேகநாதன். டிராம்போன் அவருடைய கருவியன்று. ஆனால் வகுப்பறையையும் மேடையையும் ஒருசேர ஆண்ட விதத்தில் அவர் ஹோல்ஸ்டின் இனம். 1950இல் அவர் உருவாக்கிய சிங்கப்பூர் சேம்பர் என்செம்பிள், 1958 செப்டம்பர் 6 அன்று விக்டோரியா அரங்கில் முதன்முதலாக இசைத்த ‘மஜுலா சிங்கப்பூரா’ அடுத்த ஆண்டே நாட்டுப்பண்ணாயிற்று. 1986இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

நெய்யாற்றின்கரை எல்லைக்கு இவ்விருவரும் அளவுகோல் தருகிறார்கள். லண்டன் மிஷனின் பாறசாலை நிலையமும் பின்னர் வந்த இரட்சணிய சேனையும் இப்பகுதிச் சபைகளில் குழுப்பாடலை வேரூன்றச் செய்தன. 1878இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஒரு தந்தையும் மூன்று மகன்களுமாகத் தொடங்கிய சேனையின் முதல் பேண்டிலேயே டிராம்போன் இருந்தது. காஞ்சிரங்குளத்துக்கு அருகேயுள்ள திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) கருநாடக இராகங்களில் மலையாளக் கீர்த்தனைகள் இயற்றியவர். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இவ்வூர்களில் அவை இன்றும் பாடப்படுகின்றன. பாடலாசிரியருக்கு நூலில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பாடல்களை உழவருக்கும் நெசவாளருக்கும் குரல் பிரித்துக் கற்பித்த பாடகர் குழுத் தலைவர்களும் பேண்டு மாஸ்டர்களும் இசை வரலாற்றில் இடம்பெறவில்லை. கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களின் இசைவரலாற்று நூல்களும் அரண்மனையையும் சபாவையும் தாண்டி வரத் தயங்கியதே இதற்குக் காரணம். அத்தலைவர்களும் மாஸ்டர்களும் கையால் எழுதிய குரல்பகுதி நோட்டுகளும் ஒத்திகைக் குறிப்புகளும் சபைகளின் அலமாரிகளிலும் வாரிசுகளின் வீடுகளிலும் எஞ்சியிருக்கும் இடங்களில், அவற்றைத் திரட்டிப் படியெடுக்கும் பணியைத் திருவனந்தபுரம், நாகர்கோவில் பகுதிக் கல்லூரிகளின் தமிழ், மலையாள, இசைத் துறைகள் இணைந்து மேற்கொள்ள வேண்டும்.