ஜோகே (பாடல்)

'ஜோகே', 1970இல் வெளிவந்த 'பரோபகாரி' என்ற கன்னடப் படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய பாடல். 2018இல் 'கே.ஜி.எஃப்: சேப்டர் 1' படத்துக்காக மீண்டும் இசையமைக்கப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலை (கே.ஜி.எஃப்) பார்த்தேயிராத தலைமுறைக்கு அவ்வூரின் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வரும் பாட்டாக இது ஆகிவிட்டது. ஆனால் பாட்டு பிறந்த இடம் தங்கவயல் அல்ல. அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றியதும் அல்ல.

'பரோபகாரி'யை இயக்கியவர் ஒய். ஆர். சுவாமி. ராஜ்குமாரும் ஜெயந்தியும் நடித்தனர். இசை, ஒடிசாவில் பிறந்து கன்னடத் திரையிசையில் நிலைபெற்ற உபேந்திர குமார். அக்காலத்தில் கன்னடப் படங்களின் பாடல் பதிவு பெரும்பாலும் சென்னையிலேயே நடந்தது. அதனால் தமிழில் பாடிய அதே குரல்கள் கன்னடத்திலும் ஒலித்தன. ராஜ்குமார் 1974இல் 'சம்பத்திகே சவால்' படம் முதல் தமக்குத் தாமே பாடத் தொடங்கும்வரை, அவருக்காக மிகுதியாகப் பாடியவர் பி. பி. ஸ்ரீநிவாஸ். ஈஸ்வரியின் கன்னடப் பாடல்களும் இந்தச் சூழலில் வந்தவையே.

'ஜோகே'யின் உயிர் ஈஸ்வரியின் குரலில்தான் இருக்கிறது. லூர்து மேரி என்ற இயற்பெயர் கொண்ட அவர், சினிமாவில் கோரஸ் பாடிய தம் தாயின் பின்னால் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தவர். 1954இல் 'மனோகரா'வின் கோரஸில் பாடினார். 1958இல் கே. வி. மகாதேவன் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் தனிப்பாடல் தந்தார். 1961இல் 'பாசமலர்' படத்தின் திருமண வாழ்த்துப் பாட்டு அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. குடும்பப்பாங்கான அந்தப் பாட்டால் புகழ் பெற்றவருக்கு, அடுத்த பத்தாண்டுகளில் இசையமைப்பாளர்கள் அதிகம் கொடுத்தவை கிளப் நடனப் பாடல்கள். சிரிப்பு, பெருமூச்சு, கிசுகிசுப்பு, திடீர்க் கூவல் எல்லாவற்றையும் சுருதி பிசகாமல் மெட்டுக்குள் கொண்டுவர அவரால் முடிந்தது. கதாநாயகிக்கு ஒரு குரல், கிளப் ஆட்டக்காரிக்கு வேறு குரல் என்று திரையுலகம் வகுத்துவைத்த அந்நாளில், இரண்டாவது வகையை ஈஸ்வரி ஓர் உயர்ந்த கலையாக்கினார். அதற்குரிய மதிப்பு அவருக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பின்னாளில் அம்மன் பாடல்களால் ஆடி மாதக் கோயில் ஒலிபெருக்கிகளை ஆண்டதும், 2011இல் 'ஒஸ்தி' படத்தில் தமன் இசையில் மறுபடி குத்துப்பாட்டு பாடியதும் இதே குரல்தான்.

'ஜோகே' வெளிவந்த 1970இல் தங்கவயல் சுரங்கங்கள் அரசின் கையில் இருந்தன. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணியை 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்' படமோ இதே 1970களில் அங்கே ஓர் அடிமை முகாம் இருந்ததாகக் கற்பனை செய்தது. 1930லேயே கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த, வலுவான தொழிற்சங்கங்களைக் கட்டிய மக்களின் ஊர் அது என்பதைப் படம் பார்த்தவர்கள் அறிய வேண்டும்.

படத்துக்கு இசை ரவி பஸ்ரூர். பழைய மெட்டைப் புதிய தாள அழுத்தத்தோடு அவர் தர, அய்ரா உடுப்பி பாடினார். திரையில் ஆடியவர் தமன்னா. கதை 1970களின் பிற்பகுதியில் நடப்பதால், 1970ஆம் ஆண்டுப் பாட்டு அக்காலத்துக்கு இயல்பாகவே பொருந்தியது. இந்திப் பதிப்பில் அந்தப் பொருத்தம் இல்லை. வட இந்திய ரசிகர்களுக்குப் பழக்கமான மெட்டு வேண்டும் என்று, 1989இல் வந்த 'திரிதேவ்' படத்தின் 'கலி கலி' பாட்டைத் தனிஷ்க் பாக்சி மறு ஆக்கம் செய்தார். நேஹா கக்கர் பாட, மௌனி ராய் ஆடினார். பத்தாண்டுக்கும் மேல் பின்னால் பிறந்த மெட்டு முந்தைய காலத்துக் கதையில் ஒலித்தது.

மறு ஆக்கம் பழைய பாட்டுக்குப் புதிய செவிகளைத் தேடித் தருகிறது. எனினும் புதிய பதிவை மட்டும் கேட்பவர்களில் பலர் உபேந்திர குமாரையும் ஈஸ்வரியையும் அறியாமலே போகிறார்கள். பாட்டை வெளியிடும்போது மூலக் கலைஞர்களின் பெயரைச் சேர்ப்பது குறைந்தபட்சக் கடமை.

வட ஆர்க்காடு முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று தங்கவயல் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களின் முன்னோர் கதையை மையமாக வைத்துத் தமிழ்த் திரையில் பாட்டு எழுந்தது 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' படத்தில்தான். ஜி. வி. பிரகாஷ் குமார் இசையில், உமாதேவி எழுதி சிந்தூரி விஷால் பாடிய 'மினிக்கி மினிக்கி' அதில் பரவலாகப் புகழ் பெற்றது. அங்கே ஆடுபவர்கள் கிளப் ஆட்டக்காரிகள் அல்லர். முதன்முதலாக ரவிக்கை அணிந்த மகிழ்ச்சியில் ஆடும் கிராமத்துப் பெண்கள்.