பிளேக் கண்ட யோபு

மறைநூலைச் சட்டமாகப் படிப்போர் உளர். நடந்த வரலாறாகப் படிப்போரும் உளர். இலண்டன் மாநகரில் செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைத்த கவிஞர் வில்லியம் பிளேக் (1757-1827) அதனைத் தம் அகத்தை அறியும் வழியாகப் படித்தார். கற்பனையே மனிதனுள் உறையும் தெய்வக்கூறு என்பது அவர் கொள்கை. அவ்வாறு படித்ததன் முதிர்ந்த கனியாக, ஓவியர் ஜான் லின்னல் 1823இல் ஒப்பந்தம் செய்து உதவ, 1826இல் வெளிவந்தவை யோபு ஆகமத்திற்கான 21 படங்கள்.

யோபு செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து, பின் மீளப்பெற்ற கதை யாவரும் அறிந்ததே. விவிலியம் அவனைக் குற்றமற்றவன் என்று அறிமுகம் செய்கிறது. பிளேக் மாறுபடுவது அங்கேதான். முதற்படத்தில் யோபுவும் அவன் மனைவியும் மடியில் நூலுடன் அமர்ந்திருக்க, மக்கள் சூழ்ந்து தொழுகின்றனர். இசைக்கருவிகளோ தலைக்குமேல் மரத்தில் தொங்குகின்றன, கதிரவன் மறைகிறான். எழுத்தையும் ஆவியையும் வேறுபடுத்தும் பவுலடியாரின் வாசகத்தைப் பிளேக் அப்படத்திலேயே பொறித்துள்ளார். யோபு ஒழுக்கத்தில் தாழ்ந்தவன் அல்லன், எழுத்தோடு நின்றவன்.

விண்ணில் வீற்றிருக்கும் இறைவனின் முகமும் யோபுவின் முகமும் ஒன்றுபோலவே வரையப்பட்டுள்ளமை கருதத்தக்கது. பதினொன்றாம் படத்தில் அம்முகமே அச்சந்தருகிறது. படுத்திருக்கும் யோபுவின் மேல் பாம்பு சுற்றிய உருவம் ஒன்று கவிந்து, கற்பலகைச் சட்டத்தைச் சுட்டுகிறது. அதன் ஒரு கால் பிளந்த குளம்பு! இதுகாறும் தான் வணங்கியது எதனை என்று யோபு காணும் இடம் இது.

நிகழ்வனைத்தும் யோபுவின் உள்ளத்தில் நடப்பனவே என 1910இல் ஜோசப் விக்ஸ்டீட் விரிவாக விளக்கினார். ஒப்பிலக்கிய வகுப்பில் அவ்விளக்கத்தை நான் உரைத்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, “அப்படியானால் வீடு இடிந்து மாண்ட பிள்ளைகளும் வெறும் மனத்தோற்றந்தானா, அம்மா?” என்று கேட்டாள். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. அகப்பொருள் காணும் ஆர்வத்தில் பிறர் துயரைக் குறியீடாக்கிவிடும் பிழை எளிதில் நேர்கிறது. நம் வட்டத்துக் கவியரங்குகளிலும் நேர்ந்ததுண்டு.

பிளேக்கிடம் அப்பிழை இருப்பதாக இன்று நான் கருதவில்லை. மூன்றாம் படத்தில் இடிபாடுகளுக்கிடையே ஒருவன் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் காக்க முயல்கிறான். அந்த உடல்களின் கனம் கண்ணை உறுத்துகிறது. இருபதாம் படத்திலும் துயரம் அழிக்கப்படவில்லை. தான் பட்ட அழிவின் காட்சிகளும் சூறைக்காற்றில் தோன்றிய இறைவனும் ஓவியங்களாக விளங்கும் சுவர்களுக்கு நடுவே யோபு இரு கைகளையும் விரித்துத் தன் கதையைச் சொல்கிறான்.

கேட்போர் அவனுடைய மூன்று பெண்மக்கள். விவிலியமும் அம்மூவரையே பெயர்சொல்லிக் குறிக்கிறது. ஆண்மக்கள் எழுவரின் பெயரைத் தரவில்லை. உரையாசிரியர் பலர் இதனை விரைந்து கடந்துவிடுவர். பிளேக் ஒரு முழுப்படத்தையே அப்பெண்களுக்குத் தந்தார். அதற்கு அடுத்த படத்தில்தான் கதிரவன் எழுகிறான். மரத்தில் தொங்கிய கருவிகள் கைகளுக்கு வருகின்றன.