தமிழ் ஆவணங்களைக் கணினியில் உருவாக்குதல், திறத்தல், சேமித்தல்

மைசூருவில் 1969 ஜூலை 17-ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தமிழ் உள்ளிட்ட மொழிகளின் உரைகளைக் கணினித் தரவுகளாகத் தொகுத்து வருகிறது. இத்தகைய உரைகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பயன்பட வேண்டுமெனில், அவை சேமிக்கப்படும் குறியாக்கம் முக்கியமானது.

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமைத்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். ஒருங்குறியிலோ தமிழுக்கெனத் தனியாக 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது.

விண்டோஸ் கணினியில் புதிய ஆவணத்தை உருவாக்க ‘கண்ட்ரோல்’ விசையுடன் ‘என்’, திறக்க ‘ஓ’, சேமிக்க ‘எஸ்’ விசைகளை அழுத்த வேண்டும். முதன்முறை சேமிக்கும்போது கோப்பின் பெயரையும் இடத்தையும் குறிப்பிட வேண்டும். வெறும் உரைக்கோப்பாயின் ‘யூடிஎஃப்-8’ குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டச்சிடும்போதே இடையிடையே சேமித்தால், மின்தடையால் ஏற்படும் இழப்பு குறையும்.

பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவோர், மாற்றிய உரையை மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து, மூலக்கோப்பையும் பாதுகாத்தல் நலம்.