மென்பொருள் உரிம மேலாண்மை

ஒரு பெரிய நிறுவனம் எந்தெந்த மென்பொருளை, எத்தனை பேருக்கு, எத்தனை கணினிகளில், எந்தத் தேதி வரை பயன்படுத்த உரிமை பெற்றிருக்கிறது என்பது ஒரு கணக்கு. உண்மையில் அங்கே எவ்வளவு பயன்படுகிறது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் தொடர்ந்து எழுதி, ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சரிசெய்துகொண்டே இருக்கும் வேலைக்கு மென்பொருள் உரிம மேலாண்மை என்று பெயர். பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளும் வாங்கியவருக்குச் சொந்தமாவதில்லை. பதிப்புரிமை ஆக்கியவரிடமே இருக்கும். வாங்கியவருக்குக் கிடைப்பது நிபந்தனைகளோடு கூடிய அனுமதி மட்டுமே.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிக்கு இந்த வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஏலத்தில் அவர் எடுக்கும் மூட்டை அவருடையது. தரம் பிரிக்கலாம், விற்கலாம், இருப்பு வைக்கலாம். ஆனால் ஏலத்தில் உட்காரும் உரிமை அப்படியல்ல. 1986ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம, சந்தை விதிகளும் ஏலம் நடத்துபவருக்கும் வியாபாரிக்கும் தனித்தனி உரிமம் கேட்கின்றன. அது குறிப்பிட்ட பெயருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, மூன்று ஆண்டுத் தொகுதியாக வழங்கப்படுகிறது; காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். மென்பொருள் உரிமம் மூட்டையின் இனமல்ல, இந்த ஏல உரிமத்தின் இனம்.

அந்த ஏலமே இன்று மென்பொருளில்தான் ஓடுகிறது. வாய்விட்டு விலை கேட்ட முறை போய், 2007இல் போடி எனப்படும் போடிநாயக்கனூரில் மின்னணு ஏலம் வந்தது. 2021இல் அது மேகக் கணினிக்கு மாறியபின், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் போடியிலும் இருக்கும் வியாபாரிகள் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை போட முடிகிறது. இதே மாற்றம் உலகெங்கும் அலுவலகங்களில் நடந்திருக்கிறது. மென்பொருள் மேசைக் கணினியை விட்டுத் தொலைவிலுள்ள வழங்கிக்குப் போனதும், உரிமத்தை எண்ணும் அலகும் பல இடங்களில் கணினியிலிருந்து ஆளுக்கு மாறிவிட்டது.

எண்ணும் அலகுதான் இந்தத் துறையின் முதல் சிக்கல். சில உரிமங்கள் கணினி எண்ணிக்கையில் தரப்படுகின்றன. சில பெயர் குறித்த பயனருக்கு. சில, ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்ற வரம்போடு. தரவுத்தள மென்பொருள்கள் பலவற்றில் கணினிச் செயலியின் (பிராசசர்) உள்ளகங்களை (கோர்) எண்ணுகிறார்கள். 2023 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் ஜாவாவுக்கு அறிவித்த சந்தா இன்னும் ஒரு படி போனது: யார் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், நிறுவனத்தின் எல்லா ஊழியரையும் எண்ண வேண்டும். 999 ஊழியர் வரை தலைக்கு மாதம் 15 டாலர் என்பது அறிவிக்கப்பட்ட விலை. முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேருக்கு மட்டும் ஜாவா தேவைப்பட்டாலும், அந்த விலைப்படி ஆண்டுக்கு 54,000 டாலர் வரும். தேவையான அந்தப் பத்துக் கணினிகள் எவை என்று தெரிந்துவைத்திருக்கும் நிறுவனம், கட்டணமில்லாத ஓப்பன்ஜேடிகே பதிப்புக்கு அவற்றை மாற்றிவிட்டு வெளியே வரலாம். பட்டியல் இல்லாத நிறுவனத்துக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

மனிதர்கள் நேரடியாகத் தொடாத மென்பொருளுக்கும் கட்டணம் உண்டா? 2017 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் உண்டு என்றது. மதுபான நிறுவனமான டியாஜியோ, எஸ்ஏபி நிறுவனத்தின் மென்பொருளை முறையாக உரிமம் பெற்றே வைத்திருந்தது. பிறகு சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் இரண்டு செயலிகளை உருவாக்கி, அவற்றின் வழியாக விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களும் ஆர்டர் போட வகை செய்தது. அந்த ஆர்டர்கள் கடைசியில் எஸ்ஏபிக்குள்தான் போய் விழுந்தன. செயலியைத் தொட்ட ஒவ்வொருவரும் எஸ்ஏபியை மறைமுகமாகப் பயன்படுத்தியவரே என்பது எஸ்ஏபியின் வாதம். கேட்ட தொகை 5.4 கோடி பவுண்டுக்கும் மேல். டியாஜியோ கட்டணம் செலுத்தக் கடமைப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. தோட்டத்திலிருந்து கைபேசியில் பதிவாகும் எடைக் கணக்கைத் தலைமை அலுவலகத்தின் பெரிய மென்பொருளோடு இணைக்க நினைக்கும் எந்த நிறுவனமும், ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டிய இடம் இது.

அமெரிக்கக் கடற்படையின் வழக்கு இன்னும் நுட்பமானது. ஜெர்மனியின் பிட்மேனேஜ்மெண்ட் நிறுவனத்திடம் முப்பரிமாணக் காட்சி மென்பொருளுக்கு 38 உரிமங்களைக் கடற்படை வாங்கியது. பிறகு அதை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் நிறுவியது. ஒரே நேரத்தில் 38 பேருக்கு மேல் திறக்காதபடி எண்ணிக் காக்கும் கருவி ஒன்றைப் பயன்படுத்துவதாகத்தான் ஏற்பாடு. அந்தக் கருவி சரியாகப் பொருத்தப்படவில்லை. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடற்படை பதிப்புரிமையை மீறியது என்றது. 2022இல் நிர்ணயமான இழப்பீடு 1,54,400 டாலர் மட்டுமே. நிறுவனம் கேட்டது பல கோடி. தொகை சிறிதென்றாலும், எண்ணும் கருவி ஓடாததே மீறலாகிவிட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

சிறிய அளவில் இதே ஒழுங்கை டாலி கற்றுத்தருகிறது. பெங்களூரின் இந்தக் கணக்கு மென்பொருள் தமிழ்நாட்டு வணிக ஊர்களின் அன்றாடம். அதன் சில்வர் உரிமம் ஒரு கணினிக்கு; கோல்டு உரிமம் ஒரே வலையமைப்பில் உள்ள பலருக்கு. உரிமம் நிரந்தரம், ஆனால் புதிய வெளியீடுகள் கிடைக்க ஆண்டுச் சந்தா புதுப்பிக்கப்பட வேண்டும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்து, அதற்கேற்ற வெளியீடு தேவைப்பட்டபோது அந்தச் சந்தாவின் மதிப்பு பலருக்கும் புரிந்தது. கணினியை மாற்றும்போது பழைய கணினியில் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு, புதியதில் செயல்படுத்த வேண்டும். எந்த மின்னஞ்சல் முகவரியில் உரிமம் பதிவானது என்பதும் முக்கியம். அந்த முகவரி, வேலையை விட்டுப் போன கணக்கரின் சொந்த முகவரியாக இருந்துவிட்டால் முதலாளிக்குத் தலைவலிதான். பல்லாயிரம் ஊழியர் உள்ள நிறுவனத்திலும் உரிமங்கள் தொலைவது பெரும்பாலும் இங்கேதான்: ஆள் சேரும்போது கொடுத்ததை, பிரிவு மாறும்போதும் விலகும்போதும் திரும்பப் பெறுவதில்லை. விலகியவரின் சந்தா மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாய் வந்தவருக்கு இன்னொன்று வாங்கப்படும். ஆகவே இதை ஐடி பிரிவு மட்டும் செய்ய முடியாது. மனிதவளப் பிரிவும் கொள்முதல் பிரிவும் ஒரே பட்டியலில் எழுத வேண்டும். இந்தப் பணிக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 19770, 2006இல் முதலில் வெளியானது, 2017இல் திருத்தப்பட்டது.

எண்ணவே தேவையில்லாத உரிமத்தைத் தேர்ந்தெடுப்பது வேறொரு வழி. போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால், அந்த வழியில் போகும் மாநிலம் வந்துவிடும். கேரளப் பள்ளிகள் தலைக்கு இவ்வளவு என்ற உரிமத்தை விட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியவை. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பின்னர் கைட் என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பாடத்துக்கேற்ற செயலிகளைச் சேர்த்துத் தனக்கென ஓர் இயங்குதளத்தை அது உருவாக்கிக்கொண்டது. 2019இல் அதன் புதிய பதிப்பு வந்தபோது கைட் சொன்ன கணக்கு: ஒரு கணினிக்கு உரிமச் செலவு ஒன்றரை லட்சம் ரூபாய், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், மிச்சம் 3,000 கோடி. அத்தனை பணமும் கையை விட்டுப் போயிருக்கும் என்று இதைப் படிக்கக் கூடாது. எந்த அரசும் எல்லா மென்பொருளையும் எல்லாக் கணினிக்கும் பட்டியல் விலையில் வாங்காது. ஆனால் இத்தனை பள்ளிகளில் உரிமச் சாவிகளை எண்ணிப் புதுப்பிக்கும் வேலையே இல்லாமல் போனது உண்மையான ஆதாயம்.

தமிழ்நாடு நடுவழியில் நின்றது. 2006க்குப் பிறகு, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன்ஆபிஸுக்கும் மாற்றியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அந்தக் கணினிகள் போய்ச் சேர்ந்தன. இரண்டும் இருந்தால் பழகியதையே கை தேடும். கேரளம் பாடநூலையும் தேர்வையும் ஆசிரியர் பயிற்சியையும் கட்டற்ற மென்பொருளிலேயே அமைத்ததால்தான் அங்கே மாற்றம் நிலைத்தது.

கட்டற்ற மென்பொருளுக்கும் உரிமம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிபிஎல் உரிமத்தில் வந்த நிரலைத் திருத்திப் பிறருக்கு வழங்கினால், திருத்திய மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். கட்டணம் இல்லை என்பதால் பட்டியல் வேண்டாம் என்று இருந்த நிறுவனங்கள் 2021 டிசம்பரில் திணறின. லாக்4ஜே என்ற இலவச நிரலில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அது தங்களின் எந்தெந்த மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று பலருக்கும் தெரியவில்லை.

இந்தியச் சட்டத்தில் இந்த விஷயம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. மீறிய நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்குப் பிரிவு 63பி, குறைந்தது ஏழு நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக லாபத்துக்காகப் பயன்படுத்தாதபோது சிறையை விலக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 விழுக்காடு உரிமமற்றது என்று மதிப்பிட்டது. விற்பவர்களின் கூட்டமைப்பு சொன்ன எண் என்பதை நினைவில் வைத்தே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கெடுக்கும் கருவிகளில் உலகம் முழுதும் விற்கப்படும் சில தமிழ்நாட்டிலேயே உருவாகின்றன. சென்னையில் தலைமையிடமும் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் பெரிய அலுவலகமும் கொண்ட சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, அசெட்எக்ஸ்புளோரர் என்ற மென்பொருளைத் தருகிறது. வலையமைப்பில் உள்ள கணினிகளைத் துழாவி, எதில் என்ன நிறுவப்பட்டிருக்கிறது, எது திறக்கப்படாமலே கிடக்கிறது, எந்த உரிமம் எப்போது முடிகிறது என்று அது காட்டும். நிறுவியிருப்பதைக் கருவி தானே கண்டுபிடித்துவிடும். வாங்கிய உரிமை எவ்வளவு என்பதை மட்டும், கொள்முதல் பில்லையும் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்த்து ஓர் ஆள்தான் உள்ளிட வேண்டும்.