நடித்த போரும் நடந்த போரும்

உக்குவளையில் பாடசாலை மாணவனாக இருந்த காலத்தில் நான் ஒரு போரைப் படம் பிடித்தேன். மெய்யான போரன்று. 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியை எங்கள் பகுதிப் பாடசாலையொன்று விளையாட்டு மைதானத்தில் நடித்துக் காட்டியது. அது 1970களின் நடுப்பகுதி. இறக்குமதிக் கட்டுப்பாடுகளினால் பிலிம் சுருள் கிடைப்பதே அரிது. மாமாவிடம் இரவல் வாங்கிய அக்பா கமராவில் பன்னிரண்டு படங்களுக்கே இடமிருந்தது.

ஓடுபவர்களைப் பதிவு செய்யும் வேகம் அந்தக் கமராவுக்கு இல்லை. ஓங்கிய வாள்கள் யாவும் மங்கலான கோடுகளாகவே விழுந்தன. தேறியது ஒரே ஒரு படம். நடுவில் ஈட்டியுடன் அசையாது நின்ற கிளர்ச்சிக்காரன். இடது ஓரத்தில், ஆங்கிலச் சிப்பாயாக விழுந்து கிடந்த தோட்டத்துப் பையன். அவன் முகத்தில் அப்பியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த நாடகத்தில் வேறு வேடம் கொடுக்கப்படவில்லை.

நடந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1847இல் கோப்பி விலை வீழ்ந்தது. அரசின் வருவாய் குன்றவே, ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கி, நாய், வண்டி, கடை என்பவற்றின் மீது வரி விதித்தார். வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உடலுழைப்பு அல்லது அதற்கு ஈடாகப் பணம் என்ற சட்டமும் வந்தது. 1848 யூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சிக்காரர்கள் மாத்தளைக்கு வந்து கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகளை அழித்தனர். யூலை 29ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா, எங்கள் உக்குவளைக்கு அண்மையிலுள்ள எல்கடுவையில் ஒளிந்திருந்து, செப்டெம்பர் 21ஆம் திகதி பிடிபட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. அவரைப் பிடித்தவர்கள் ஆங்கிலச் சிப்பாய்கள் அல்லர். அரச படையில் இருந்த மலாய் வீரர்கள். எங்கள் நாடகத்தில் மலாயர் எவரும் இருக்கவில்லை.

ஆண்டுகள் பல கடந்தன. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்துவிட்டேன். ஒருநாள், வெளியீடொன்றில் எனது அந்தப் படம் அச்சாகியிருக்கக் கண்டேன். கீழே, '1848 கிளர்ச்சியின் அரிய புகைப்படம்' என்று எழுதப்பட்டிருந்தது. கிளர்ச்சிக்காரனின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் தெரிகிறது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. பவுடர் பூசிய பையன் அதில் இல்லை. திருத்தம் கோரிக் கடிதம் எழுதினேன். எதுவும் வெளிவரவில்லை.

1848இல் புகைப்படக்கலை இருக்கவில்லையா என்று கேட்கலாம். இருந்தது. பெயர் தெரிந்த முதல் போர்ப் புகைப்படக்காரர் எனப் பலராலும் கருதப்படும் ஜோன் மக்கொஷ் அதே 1848-49இல் பஞ்சாபில், இரண்டாவது சீக்கியப் போரின்போது படமெடுத்தார். அவரும் என்னைப் போலப் பொழுதுபோக்குப் படக்காரரே. தொழிலால் வங்காளப் படையின் மருத்துவர். ஆனால் அக்காலக் கமராவின் முன் மனிதர் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டும். ஆகவே அவர் எடுத்தவை அதிகாரிகளின் உருவப்படங்களும் இடங்களுமே. சண்டைக் காட்சிகள் அல்ல.

உண்மைப் படம் இல்லாத இடத்தில் நடித்த படம் வந்து அமர்ந்துகொள்கிறது. இது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. 1917இல் ரஷ்யாவின் குளிர்கால அரண்மனை கைப்பற்றப்பட்டதை 1920இல் பெருந்திரளான மக்களைக் கொண்டு அதே இடத்தில் நடித்துக் காட்டினர். அந்த நாடகத்தின் புகைப்படமொன்று பின்னாளில் புரட்சியின் படமாகவே பாடநூல்களில் இடம்பிடித்தது.

அச்சில் வந்த பிழையைவிட, வெட்டப்பட்ட அந்த ஓரமே என்னை உறுத்துகிறது. கிளர்ச்சிக்காரர்கள் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இறங்கி வந்த அதே வடக்குப் பாதையால்தான், அதே ஆண்டுகளில், தென்னிந்தியத் தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகக் கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழிநெடுகச் செத்தவர்கள் பலர். நிலத்தை இழந்த கண்டிய விவசாயியின் துயரம் உண்மையானது. அந்த நிலத்தில் கோப்பி நட்ட கூலியின் துயரமும் உண்மையானது. முன்னவருக்கு மேடையும் சிலையும் கிடைத்தன. அவை கிடைக்க வேண்டியவையே. பின்னவரின் வழித்தோன்றலோ, தன் முன்னோருக்குக் கூலி கொடுத்தவனின் படைவீரனாக வேடமிட்டு மைதானத்தில் விழுந்து கிடந்தான். அதிலும் அவனை வெட்டிவிட்டார்கள்.

இன்று எல்லோர் கையிலும் கமரா உண்டு. வரலாற்று நாடகங்களைப் படம் பிடிக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இரண்டே செய்திகள். படத்துடன் இடம், ஆண்டு, 'இது நாடகம்' என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். ஓரங்களை வெட்டாதீர்கள்.

மூலப் பிரதி என்னிடம் இருக்கிறது. அதன் பின்புறத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன்: 'உக்குவளை. பாடசாலை நாடகம். நிற்பவன் கிளர்ச்சிக்காரன். கிடப்பவன் தோட்டத்துப் பையன்.'