கொடுத்த வேலையும் வைத்துக்கொண்ட அறிவும்: தகவல் தொழில்நுட்ப அவுட்சோர்சிங்கின் வணிகப் பயன்கள் – ஒரு வரலாற்று ஆய்வு (1949–2023)

முன்னுரை

ஒரு நிறுவனம் தன் கணினிப் பணிகளை வெளியார் ஒருவரிடம் ஒப்படைப்பதால் அதற்கு என்ன பயன்? மேலாண்மைப் பாடநூல்கள் ஒரு பட்டியலைத் தருகின்றன. செலவு குறையும், முதலீடு முடங்காது, திறமையான ஆட்கள் கிடைப்பார்கள், தேவைக்கேற்ப வசதியைக் கூட்டிக் குறைக்கலாம், நிர்வாகம் தன் முதன்மைத் தொழிலில் கவனம் வைக்கலாம். இந்தப் பயன்கள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் தொழில்நுட்பத்திலும் சட்டத்திலும் நிதி நிலையிலும் வேர்கொண்டது. அந்தச் சூழல் மாறியபோது சில பயன்கள் தேய்ந்தன, சில வேறு உருவெடுத்தன. பட்டியலை மட்டும் படிப்பவருக்கு இந்த மாற்றம் தெரியாது.

ஒரு நிறுவனம் எதைத் தானே செய்கிறது, எதைச் சந்தையில் வாங்குகிறது என்ற கேள்வியை 1937இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் எழுப்பினார். சந்தையில் வாங்குவதற்கும் ஒரு செலவு உண்டு என்பது அவர் கண்ட விடை. தகுந்த ஆளைத் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், சொன்னபடி வேலை நடக்கிறதா என்று கண்காணிக்க வேண்டும். பின்னர் ஆலிவர் வில்லியம்சன் இதை விரித்தார். ஒரே வாடிக்கையாளருக்கென்று செய்யப்படும் முதலீடு இரு தரப்பையும் ஒருவரிடம் ஒருவர் சிக்கவைத்துவிடும் என்று காட்டினார். கணினிப் பணி இக்கோட்பாட்டுக்குக் கடினமான சோதனைக் களம். சம்பளக் கணக்கு எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வங்கியின் கடன் கணக்கு முறையோ கார் ஆலையின் உதிரிபாகக் கணக்கோ அந்த நிறுவனத்தோடு பின்னிப் பிணைந்தது.

அமெரிக்கா, இந்தியா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் முக்கிய நிகழ்வுகள் வழியாக இக்கட்டுரை ஒரு கருத்தை நிறுவ முயல்கிறது. ஒப்படைப்பின் பயன் வழங்குநரின் திறனால் தொடங்குகிறது. ஒப்படைத்தவர் தமக்குள் வைத்துக்கொண்ட அறிவால்தான் அது நிலைக்கிறது.

1. இயந்திரத்தைப் பகிர்ந்த காலம் (1949–1984)

1949இல் நியூஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் ஹென்றி டாப் 'ஆட்டோமேட்டிக் பேரோல்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மற்ற தொழிலகங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. அப்போது அவர்களிடம் கணினி கிடையாது. பின்னாளில் ஏ.டி.பி. என்று பெயர் பெற்ற அந்த நிறுவனம் இன்றும் அத்துறையின் முன்னணியில் நிற்கிறது. வரி விதி மாறும்போதெல்லாம் ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியே கற்க வேண்டியதை ஒரு நிறுவனம் கற்று எல்லோருக்கும் செய்து கொடுத்தது. அளவின் பெருக்கத்தால் கிடைக்கும் சிக்கனம் என்ற முதல் பயன் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

1950களில் கணினி வந்தபோது இந்தச் சிக்கனம் பன்மடங்கானது. ஒரு மெயின்ஃபிரேமின் வாடகையைத் தாங்கப் பெரிய நிறுவனங்களால்தான் முடிந்தது. வீட்டுக்கொரு இயந்திரம் வாங்காமல் ஊர் மாவு மில்லில் அரைத்துக்கொள்வதைப் போல, மற்றவர்கள் இன்னொருவர் இயந்திரத்தில் நேரம் வாங்கினார்கள். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கில் 1956இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஐ.பி.எம். தன் கணக்குச் சேவைத் தொழிலைத் தனித் துணை நிறுவனமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. 1969இல் மென்பொருளுக்கும் சேவைக்கும் இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனி விலை வைக்கப்போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. அதுவரை இயந்திரத்தோடு சேர்ந்து வந்த சேவை, தனியே விலை பேசி வாங்கும் சரக்காக மாறியது.

ஐ.பி.எம்.மின் விற்பனையாளராக இருந்த ராஸ் பெரோ, 1962இல் டல்லஸ் நகரில் எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் (ஈ.டி.எஸ்.) நிறுவனத்தைத் தொடங்கினார். சொந்தமாகக் கணினி இல்லாமல், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் பயன்படாமல் கிடந்த நேரத்தை வாங்கி விற்றே தொழிலை ஆரம்பித்தார். அடுத்து அவர் எடுத்து வைத்த அடி முக்கியமானது. வாடிக்கையாளரின் கணினிப் பிரிவு முழுவதையும் பல ஆண்டுகளுக்கு, முன்கூட்டியே பேசிய விலையில் நடத்தித் தரும் ஒப்பந்தங்களை எழுதினார். வேலை எதிர்பார்த்ததைவிட இழுத்தால் அந்தச் செலவு ஈ.டி.எஸ்.ஸைச் சேர்ந்தது. வாடிக்கையாளருக்கோ அடுத்த சில ஆண்டுகளின் செலவு இன்றே தெரிந்தது. செலவின் உறுதிப்பாடு என்ற இரண்டாவது பயன் இப்படிப் பிறந்தது.

1984இல் ஜெனரல் மோட்டார்ஸ் 250 கோடி டாலர் கொடுத்து ஈ.டி.எஸ்.ஸையே வாங்கியது. கார் நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான கணினிப் பணியாளர்கள் ஈ.டி.எஸ். ஊழியர்களாக மாற்றப்பட்டார்கள். இந்த இரு நிறுவனங்களின் உறவு அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகளில் எடுத்த திருப்பங்கள் நம் ஆய்வுக்கு மிக உதவுபவை. அவற்றைப் பின்னர் காண்போம்.

2. கோடாக் ஒப்பந்தமும் அதைத் தொடர்ந்த அலையும் (1989–1996)

1980களின் இறுதிவரை, பெரிய, வலுவான நிறுவனம் தன் கணினிப் பிரிவை வெளியே கொடுக்காது என்பதே பொது எண்ணம். 1989இல் ஈஸ்ட்மன் கோடாக் அதை உடைத்தது. அதன் தகவல் அமைப்புகளின் தலைவர் கேத்தரின் ஹட்சன், தரவு மையங்களை ஐ.பி.எம்.மிடமும், தொலைத்தொடர்பு வலையமைப்பை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திடமும், மேசைக் கணினிகளைப் பிசினஸ்லேண்ட் நிறுவனத்திடமும் ஒப்படைத்தார். ஒவ்வொரு வேலைக்கும் அதில் கைதேர்ந்த ஒருவர் என்ற இந்தப் பகுப்பு பின்வந்த ஒப்பந்தங்களுக்கு முன்மாதிரியாயிற்று. கோடாக் ஊழியர்களில் நூற்றுக்கணக்கானோர் வழங்குநர்களின் ஊழியர்களானார்கள்.

லோ, வெங்கட்ராமன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நிறுவனங்களிடையே இம்முறை பரவியதற்குக் கோடாக் முடிவே திருப்புமுனை என்று கண்டது. அதன்பின் நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று பின்பற்றியதே பரவலை இயக்கியது என்றும் அது காட்டியது. 'கோடாக் விளைவு' என்ற பெயர் இத்துறையில் நிலைத்துவிட்டது.

அந்த அலைக்குள் நிதிக் காரணம் ஒன்று வலுவாக இருந்தது. 1991இல் ஜெனரல் டைனமிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷனோடு 10 ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. பனிப்போர் முடிந்து ஆயுத ஆர்டர்கள் சுருங்கிய நேரம் அது. தரவு மையங்களை வழங்குநரிடம் விற்றதால் கையில் பணம் வந்தது. முதலீடாக நின்ற செலவு ஆண்டுச் செலவாயிற்று. சொத்தைப் பணமாக்குதல் என்ற இந்த மூன்றாவது பயன் உண்மையானது. ஆனால் அது ஒரு முறை மட்டுமே கிடைப்பது. விற்ற தரவு மையத்தை மறுபடி விற்க முடியாது.

1993இல் மேரி லேசிட்டி, ரூடி ஹிர்ஷ்ஹைம் ஆகியோர் எச்சரிக்கை ஒன்றை முன்வைத்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான புதிதில் வரும் செய்திகள் எதிர்பார்த்த சேமிப்பைத்தான் பேசுகின்றன, கிடைத்த சேமிப்பை அல்ல என்றார்கள். வழங்குநர் செலவைக் குறைக்கும் வழிகள், அதாவது தரவு மையங்களை ஒன்றாக்குவதும் தேவையற்ற பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதும், சொந்த மேலாளர்களாலும் செய்யக்கூடியவையே என்று சுட்டினார்கள். வெளியாள் ஒருவர் வந்து விலை சொன்னபோதுதான் பல நிறுவனங்கள் தம் கணினிப் பணியின் உண்மைச் செலவை முதன்முறையாக அளந்து பார்த்தன. அந்த அளவீடே ஒப்படைப்பால் விளைந்த பெரும் பயன் என்று நான் கருதுகிறேன்.

அறிவுலக ஆதரவும் இந்த அலைக்கு இருந்தது. கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலா கல்லூரியில் படித்த சி. கே. பிரகலாத், கேரி ஹாமெலோடு இணைந்து 1990இல் எழுதிய மூலத்திறன் பற்றிய கட்டுரை, ஒவ்வொரு நிறுவனமும் தன் தனித்திறனை வளர்க்க வேண்டும் என்றது. மூலத்திறன் அல்லாததை எல்லாம் வெளியே கொடுக்கலாம் என்று பலர் அதற்குப் பொருள் கொண்டார்கள். ஒப்படைப்பு குறுக்குவழியாகலாம், ஆனால் மனிதர்களிடம் தங்கும் திறனை அது வளர்ப்பதில்லை என்று அதே கட்டுரை எச்சரித்திருந்ததைச் சிலரே கவனித்தார்கள்.

3. கடல் கடந்த திறன் (1968–2000)

நான்காவது பயனான திறமையாளர் கிடைப்பு, இந்தியாவில் உருப்பெற்றது. 1968இல் தொடங்கிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், எஃப். சி. கோலியின் தலைமையில் 1970களில் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்தோடு இணைந்து மென்பொருள் ஏற்றுமதியில் இறங்கியது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பங்குரிமை விதிகளை ஏற்க மறுத்து 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. பல வகை இயந்திரங்களில் வேலை செய்யும் பழக்கம் இந்தியப் பொறியாளர்களுக்கு அதனால் வலுப்பட்டது. 1981இல் புனேயில் இன்ஃபோசிஸ் பிறந்தது.

ஆரம்ப நாள்களில் பொறியாளர்களே விமானம் ஏறிப்போய் வாடிக்கையாளர் இடத்தில் வேலை செய்தார்கள். வேலை இங்கேயே நடக்க வேண்டுமானால் நம்பகமான தரவு இணைப்பு வேண்டும். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கி, செயற்கைக்கோள் இணைப்பால் அதைத் தன் அமெரிக்க அலுவலகங்களோடு பிணைத்தது. 1991இல் மத்திய அரசு அமைத்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அந்த வசதியைச் சிறு நிறுவனங்களுக்கும் கொண்டுவந்தன. ஊதிய வேறுபாடு, ஆங்கிலக் கல்வி பெற்ற பொறியாளர்கள், அமெரிக்க இரவில் நடக்கும் இந்தியப் பகல் வேலை ஆகிய மூன்றும் ஒன்றுகூடின.

சென்னையின் பங்கு இங்கே குறிப்பிடத்தக்கது. டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் குழுமத்தின் கணினிப் பணிகளுக்காக 1994இல் சென்னையில் தொடங்கிய பிரிவே காக்னிசன்ட். ஒரு குழுமத்தின் உள்பணிக்காகப் பிறந்த அது வெளி வாடிக்கையாளர்களைத் தேடிச் சென்று, 1998இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது.

இத்தொழிலை உலகின் முன் நிறுத்தியது 2000ஆம் ஆண்டுச் சிக்கல். ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிய பழைய கோபால் (COBOL) கணினிமொழி நிரல்களை வரி வரியாகப் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. தள்ளிப்போட முடியாத கெடுவுக்குள் அத்தனை பேரை மேலை நாடுகளால் திரட்ட முடியவில்லை. திருத்தும்போது இந்தியப் பொறியாளர்கள் அந்த வங்கிகளின், காப்பீட்டு நிறுவனங்களின் உள்முறைகளை ஆழமாகக் கற்றார்கள். அதையடுத்து வந்த நீண்டகாலப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு அந்த அறிவே அடிப்படை. வாடிக்கையாளரின் அறிவு வழங்குநரிடம் சேர்ந்தது. பல இடங்களில் வாடிக்கையாளரிடம் அது மங்கவும் செய்தது.

4. திரும்பி வந்த பணிகள் (2004–2012)

2002 இறுதியில் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி ஐ.பி.எம்.மோடு ஏழாண்டுக்கு 500 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. 2004இல் பேங்க் ஒன் வங்கியோடு இணைந்த பின், அதே ஆண்டில் ஒப்பந்தத்தை ரத்து செய்து ஏறக்குறைய 4,000 பணியாளர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இணைந்த வங்கி இந்தப் பணியைத் தானே நடத்தும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அளவின் சிக்கனம் வழங்குநருக்கு மட்டும் உரியதல்ல என்பதை இது காட்டுகிறது.

ஜெனரல் மோட்டார்ஸின் கதை இதைவிட விரிவானது. 1984இல் வாங்கிய ஈ.டி.எஸ்.ஸை 1996இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டு, அதன் வாடிக்கையாளராகத் தொடர்ந்தது. 2008இல் ஈ.டி.எஸ்.ஸை ஹியூலெட் பேக்கார்ட் வாங்கியது. 2012இல் ஜெனரல் மோட்டார்ஸின் தகவல் தொழில்நுட்பத் தலைவராக வந்த ராண்டி மாட், 90 விழுக்காடு வெளியாரிடம் இருந்த பணியை 90 விழுக்காடு உள்ளே கொண்டுவரத் திட்டமிட்டார். ஹியூலெட் பேக்கார்டிலிருந்து சுமார் 3,000 பேர் ஜெனரல் மோட்டார்ஸுக்கு மாறினார்கள். கார் என்பதே பெருமளவு மென்பொருளாகிக்கொண்டிருந்த காலம் அது. 1984இல் துணைப்பணியாகத் தெரிந்தது 2012இல் மூலத்திறனின் பகுதியாகிவிட்டது. மூலத்திறனுக்கும் துணைப்பணிக்கும் இடையிலான கோடு நகரக்கூடியது. கோடு நகர்ந்ததை உணரவும் உள்ளே அறிவு வேண்டும்.

5. மேகக்கணிமையும் பொறுப்பும் (2006–2023)

2006இல் அமேசான் தன் சேமிப்பு, கணிப்புச் சேவைகளை வாடகைக்குத் திறந்தது. பத்தாண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக மணிக்கணக்கு வாடகை வந்தது. வாடிக்கையாளர் கூடும்போது கூட்டி, குறையும்போது குறைக்கும் நெகிழ்வு ஐந்தாவது பயன். 2008இல் தன் தரவுத்தளம் பழுதானதால் மேகக்கணிமைக்கு மாறத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2016இல் அந்த மாற்றத்தை முடித்தது. அங்கே இயந்திரங்கள்தாம் வெளியே போயின. அவற்றின்மேல் எதை, எப்படிக் கட்டுவது என்ற பொறியியல் அறிவு நிறுவனத்துக்குள்ளேயே வளர்ந்தது.

எதிர்நிலைக்குப் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி சான்று. 2018 ஏப்ரலில் அது தன் தாய்க் குழுமத்தின் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய புதிய தளத்துக்கு மாறியபோது, லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களால் தம் கணக்குகளை அணுக முடியவில்லை. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் அவ்வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. வெளிப்பணி சார்ந்த இடர்களை முறையாக நிர்வகிக்காததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதற்கடுத்த ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதே திசையில் பேசுகின்றன. வேலையை வெளியே கொடுத்தாலும் வாடிக்கையாளருக்கான பொறுப்பு வங்கியுடையதே. ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் திட்டமும் அதனிடம் இருக்க வேண்டும்.

முடிவுரை

அளவின் சிக்கனம், செலவின் உறுதி, சொத்தைப் பணமாக்கல், திறமையாளர் கிடைப்பு, நெகிழ்வு என ஐந்து பயன்களும் வரலாற்றில் மெய்ப்பிக்கப்பட்டவை. அவற்றில் எதுவும் எந்நாளும் எவருக்கும் கிடைப்பதல்ல. சொத்து ஒரு முறையே விற்கும். ஊதிய வேறுபாட்டைப் போட்டியாளரும் பயன்படுத்திக்கொள்வார். நெகிழ்வான வாடகையையும் கணக்குப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் செலவு ஏறிவிடும்.

ஆகவே ஒப்படைக்க எண்ணும் நிறுவனம், அது பன்னாட்டு வங்கியானாலும் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளரானாலும், மூன்று அறிவுகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது. தன் பணியின் உண்மைச் செலவு தெரிய வேண்டும். வழங்குநர் தரும் வேலையின் தரத்தை எடைபோடத் தெரிந்தவர்கள் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் பணியை எப்படி மீட்பது என்ற வழி எழுத்தில் இருக்க வேண்டும். இம்மூன்றும் செலவு பிடிப்பவை. அச்செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பின் மிஞ்சுவதே ஒப்படைப்பின் உண்மையான லாபம்.